வாஸ்து சொல்லாமல் விட்ட வீடு

இதனால் சகலருக்கும் ஆழ்ந்த வருத்தத்துடன் அறிவிப்பது என்னவென்றால், ஆறாம் வகுப்பு முதல் என் ஜியாமெட்ரி பாக்ஸில் வசித்து, எண்ணற்ற வட்டங்களையும் அவற்றைவிட அதிகமாகப் பெஞ்சில் ஓட்டைகளையும் போட்டுத் தொண்டாற்றிய காம்பஸ், இன்று காலை முதல் பாடவேளையில் துருப்பிடித்து, காலை விரிக்க இயலாமல் இயற்கை எய்தியது. அன்னாரின் இறுதி ஊர்வலம் வகுப்பறை ஜன்னலில் தொடங்கி, கீழே உள்ள கால்வாயில் நிறைவுற்றது. உடனிருந்த ஸ்கேலுக்கும் லேசான காயம்.

இதை நான் எழுந்து நின்று வகுப்புக்கே அறிவித்தேன் மச்சான். பக்கத்தில் இருந்தவன், "சரி, நகரு, போர்டு மறைக்குது" என்றான். அவ்வளவுதான். நீ இருந்திருந்தால், "அன்னாருக்கு வயசு என்ன? பதினோராம் நாள் காரியத்துக்கு வடை உண்டா?" என்று கேட்டிருப்பாய். ஜோக் அடிப்பவன் ஒருவன், அதைத் தூக்கிக்கொண்டு ஓடுபவன் ஒருவன். இரண்டாவது ஆள் இல்லாவிட்டால் முதல் ஆள் வெறுமனே சத்தம் போடுபவன்.

காம்பஸின் சாவுக்குக் காரணம் ஒரு சாவி. என் நடுவிரல் நீளத்துக்கு இருக்கும். இரும்பு. கடல்காற்றில் தின்னப்பட்டு, தொட்டால் விரலில் செம்மண் போல ஒட்டும். இந்த மார்கழி ஈரத்தில் பாக்ஸுக்குள் கிடந்து, தன் துருவைப் பக்கத்து வீட்டுக்காரர்களுக்கெல்லாம் பந்தி வைத்துவிட்டது. பாக்ஸைத் திறந்ததும் எழும் அந்த வாசனை உனக்குத் தெரியும். சதுரங்கப்பட்டினம் போகிற வழியில், சவுக்குத் தோப்பைத் தாண்டி, அந்தக் கப்பல் வீட்டின் கேட்டைத் தள்ளும்போது கையில் ஒட்டிய அதே வாசனை. ஆமாம், அந்த வீட்டின் மாடி அறைச் சாவிதான். எப்படி என்னிடம் வந்தது என்பதை வரிசையாகச் சொல்கிறேன்.

அதற்கு முன் நல்ல செய்திகள் இரண்டு. ஒன்று, நீ போன பிறகு நான் நம் தொழிலை விட்டுவிடவில்லை. தனியாகவே ஏழு பழைய வீடுகளைப் பார்த்து முடித்திருக்கிறேன். சிங்கம் மாதிரி நுழைந்தேன், சிங்கம் மாதிரி வெளியே வந்தேன். இரண்டு, நீ ஆஸ்பத்திரியில் சொன்ன வேலையை முடித்துவிட்டேன். அந்தக் கப்பல் வீட்டு பிலோமினா ஆன்ட்டியிடம் போய் எல்லா உண்மையையும் சொல்லியாயிற்று. நாக்கு ஓரிடத்தில்கூடக் குழறவில்லை. நீ நிம்மதியாக இருக்கலாம்.

நாம் சேர்ந்ததே ஒரு தப்பான வீட்டில்தான், இல்லையா? டவுன்ஷிப்புக்கு நாங்கள் குடிவந்து மூன்றாம் நாள். திருநெல்வேலியில் எங்கள் தெருவில் ஒரு வீடு மாதிரி இன்னொன்று இருக்காது. இங்கே வந்து பார்த்தால் பிளாக் பிளாக்காக ஒரே வீட்டைக் கார்பன் வைத்து எடுத்ததுபோல் நிற்கிறது. அதே மஞ்சள் சுவர், அதே பச்சை கேட், அதே இடத்தில் அதே சுவிட்ச். பள்ளிக்கூடம் விட்டு வந்தேன். செருப்பைக் கழற்றினேன். பையை ஆணியில் மாட்டினேன். ஆணிகூட அதே இடத்தில் இருந்தது! பானையில் தண்ணீர் மொண்டு குடித்துவிட்டு, "அம்மா, என்ன டிபன்?" என்று சமையலறையைப் பார்த்துக் கத்தினேன். "சேவை செஞ்சிருக்கேன், கை கழுவிட்டு வா கண்ணு" என்று உள்ளேயிருந்து ஒரு கொங்கு நாட்டுக் குரல் வந்தது. அது உன் அம்மா. அவருக்கும் குரல் மாறியது தெரியவில்லை. தொண்டை உடைகிற வயசு, பையன் குரல் தினம் ஒரு மாதிரி இருக்கும் என்று விட்டுவிட்டார்.

நான் தட்டில் பாதியைக் காலி செய்தபோது நீ உள்ளே வந்தாய். என்னைப் பார்த்தாய். தட்டைப் பார்த்தாய். பையை வேறோர் ஆணியில் மாட்டிவிட்டு, "அம்மா, எனக்கும் வைங்க. எங்கூடப் பொறந்தவன் பசியா இருக்கான் போல" என்றாய். நீ என்னைவிட ஒரு வகுப்பு மேலே. ஆனாலும் அன்றைக்கே மச்சான் ஆகிவிட்டோம்.

வித்தியாசமான வீடு என்ற கிறுக்கு உனக்கு அந்தக் குவார்ட்டர்ஸில்தான் பிடித்தது என்று நினைக்கிறேன். மொட்டை மாடியில் நின்று பிளாக்குகளை எண்ணிக்கொண்டே ஒருநாள் சொன்னாய்: "இங்க எவனாச்சும் செத்து ஆவியா திரும்பி வந்தாக்கூட, வழி தெரியாம பக்கத்து வீட்டுல போயி உக்காந்துக்குவான்டா." அப்போது அதற்கு விழுந்து விழுந்து சிரித்தேன்.

ஞாயிற்றுக்கிழமைப் பேப்பரில் எல்லோரும் சினிமாப் பக்கம் பார்ப்பார்கள். நீ வரி விளம்பரம் பார்ப்பாய். "பழைய வீடு விற்பனைக்கு" என்று எங்கேயாவது இருந்தால் பேனாவில் வட்டம். செங்கல்பட்டு, திருப்போரூர், மாமல்லபுரம் என்று சைக்கிளும் பஸ்ஸும் எட்டுகிற தூரமாக இருந்தால் இரட்டை வட்டம். அப்புறம் டவுன்ஷிப் கேட்டுக்கு வெளியே உள்ள டெலிபோன் பூத்துக்குப் போய், கர்ச்சீப்பை வாயில் பொத்திக்கொண்டு, உடைந்து முடிந்திருந்த உன் புதுக் குரலில் பேசுவாய்: "நான் சிங்கப்பூர் ரிட்டர்ன் பேசறேன். எனக்கு டைம் இல்லீங்க. என் பசங்க ரெண்டு பேரு முதல்ல வந்து பாப்பாங்க." என் குரல் அப்போது கிளிக்கும் தவளைக்கும் நடுவில் இருந்ததால் அந்த வேடம் உனக்குப் போயிற்று. இந்த யோசனை முழுக்க என்னுடையது என்பதை வரலாறு மறக்கக் கூடாது.

வாசலில் நமக்கு ஒரு வரிசை இருந்தது. முதல் வரி என்னுடையது: "வீடு பாக்க வந்திருக்கோம்." இரண்டாம் வரி உன்னுடையது: "அப்பா போன் பண்ணியிருந்தாரே." அதன்பின் கதவு தானாகத் திறக்கும். உள்ளே போனதும் நீ பாக்கெட்டிலிருந்து பச்சைக் கோலிக்குண்டை எடுத்துத் தரையில் உருட்டுவாய், பெரிய என்ஜினியர் மாதிரி. கிளம்பும்போது மட்டும் ஒரு சட்டம். அதை நீதான் போட்டாய். வாஸ்து சொல்லாமல் வெளியே வரக் கூடாது. "வீடு அருமைங்க, ஆனா அப்பா வாஸ்து பாப்பாரு, ஈசான மூல கொஞ்சம் சரியில்ல" என்று ஏதாவது சொல்லி, வீட்டுக்காரர் ஆசையை அங்கேயே இறக்கி வைத்துவிட்டு வர வேண்டும். "பாத்துட்டுப் போலாம், காக்க வெச்சுட்டுப் போகக் கூடாது" என்பாய். திருட்டுத்தனத்துக்கும் ஒரு நாணயம் வைத்திருந்த ஆள் நீ.

செங்கல்பட்டில் கொளவாய் ஏரிப் பக்கம் பார்த்தோமே, ரயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவரின் வீடு, அது இன்னும் கனவில் வருகிறது. ஒன்றன் பின் ஒன்றாக ஏழு அறை. ஓரத்தில் நடைபாதை கிடையாது. ஜன்னல் ஷட்டர்கூட ரயிலில் இருப்பதுபோல் மேலிருந்து கீழே இறங்கும்.

"ஏறுங்க, ஏறுங்க, வண்டி கெளம்பப் போவுது" என்று வரவேற்றார்.

"பாத்ரூம் எங்க சார்?" என்று கேட்டேன்.

"கடைசிப் பொட்டி. யார் எந்தப் பொட்டில தூங்கினு இருந்தாலும் எழுப்பிட்டுதான் போவணும். அதனாலதான் என் மருமவ விக்கச் சொல்லுது."

நீ முகத்தை நீட்டி வைத்துக்கொண்டு, "வாசலுக்கு நேரா வாசல் வந்தா ஆகாதுங்க, வாஸ்து..." என்று இழுத்தாய். அவர் பெரிதாகச் சிரித்தார். "ஏழு வாசலும் நேராத்தான் கீது. வுடு நைனா, வேற வண்டி புடி."

திருப்போரூர் வீடு இன்னும் மோசம். தெருவில் நின்று பார்த்தால் அரண்மனைக்குப் போகிற மாதிரி அகலமான படிக்கட்டு. ஏறினால் மேலே ஒன்றும் இல்லை. அண்ணன் தம்பி சண்டையில் மாடி கட்டாமலே நின்றுவிட்டது. படிகளில் மிளகாய் காய்ந்துகொண்டிருந்தது.

"மாடி எங்கண்ணா?" என்றேன் புரோக்கரிடம்.

"மாடி நீங்கோ கட்டிக்கணும். படி ரெடியா கீது" என்றார் கொஞ்சமும் கூசாமல்.

நீ மிளகாய்க்கு நடுவே கால் வைத்து வைத்து உச்சிப் படிவரை ஏறிவிட்டாய். "மேல இன்னா கீது?" என்று கீழிருந்து கத்தினேன். "ஆகாசம் கீது! தரமான ஆகாசம்!" என்றாய், இரண்டு கையையும் விரித்துக்கொண்டு. நான் ஏன் ஏறவில்லை என்றால், கீழே நின்று அடித்தளத்தை ஆராய்ந்துகொண்டிருந்தேன். யாராவது ஒருவர் பார்க்க வேண்டுமல்லவா?

கப்பல் வீட்டுக்குப் போனது மாசி மாதம், உனக்கு ப்ளஸ் டூ பரீட்சைக்கு முந்தைய படிப்பு விடுமுறையில். "கடலோரம், பழைய வீடு, கப்பல் மாதிரி இருக்கும்" என்று மட்டும் விளம்பரத்தில் போட்டிருந்தது. முன்சுவர் நிஜமாகவே கப்பல் மூக்குபோல் முன்னால் புடைத்து, நுனியில் கூராகி நின்றது. வட்ட வட்ட ஜன்னல்கள். வாசற்படியில் முழங்கால் உயரத்துக்கு ஒரு குறுக்குக் கட்டை. நான் நம் முதல் வரியைச் சொல்லிக்கொண்டே தடுக்கி, வணக்கம் சொல்வதற்குப் பதில் தண்டனிட்டு உள்ளே போனேன்.

"எழுந்துருப்பா. எல்லாரும் ஒரு தபா வுழுந்துட்டுதான் வருவாங்க" என்றார் பிலோமினா ஆன்ட்டி. கிராப் வெட்டிய நரைத்த தலை, நைட்டியின் மேல் ஒரு பூத்துண்டு. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. "எங்கப்பா கப்பல்ல சமையக்காரரு. கப்பல்ல கதவு இப்பிடித்தான் இருக்குமாம், அலத் தண்ணி உள்ள வராம இருக்க. வந்து கொத்தனார்கிட்ட வரஞ்சி வரஞ்சி காட்டிக் கட்டுனாரு."

நீ கோலியை உருட்டினாய். அது கூடத்தில் கிளம்பி, படுக்கையறை வழியாக, ஒரு திருப்பம் எடுத்து, சமையலறையில் அவர் காலடியில் போய் நின்றது.

"இன்னாப்பா இது?"

"தரை மட்டமா இருக்கான்னு பாத்தோங்க ஆன்ட்டி."

"மட்டமா இல்லன்னு எனக்கே தெரியும். கழுவி வுட்டா தண்ணி தானா வெளிய போயிடும். கொத்தனாரு தப்பாப் போட்டாரா, எங்கப்பா கேட்டுப் போட்டாரான்னு இன்னிக்கும் தெரில."

பின்பக்கம் சுவரை ஒட்டிச் செங்குத்தாக ஓர் இரும்பு ஏணி. அதன் உச்சியில் மூன்று பக்கம் கண்ணாடி வைத்த ஒரு சின்ன அறை. கேப்டன் ரூம் என்று அவர் அப்பா பெயர் வைத்திருந்தாராம். பூட்டியிருந்தது. சாவி தாம்பரத்தில் இருக்கும் தம்பியிடம். நீ அண்ணாந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாய்.

"அங்கிருந்து கடல் தெரியுமாங்க?"

"கடல் மட்டும்தான் தெரியும். கரை தெரியாது, வூடு தெரியாது, மனுசங்க தெரிய மாட்டாங்க. அப்பிடிப் பாத்துக் கட்டிக்கினாரு. வேலைய வுட்டு வந்தப்பறம் பூரா நாளும் அங்கதான் ஒக்காந்துகினு இருப்பாரு. எங்கம்மா கூடையில சோத்த வெச்சிக் கயித்துல ஏத்தும். நான் ஏறிப் பத்து வருசம் ஆச்சு. முட்டி வுட மாட்டேங்குது."

வாஸ்து சொல்ல வேண்டிய நேரம் வந்தது. நான் உன் காலை மிதித்தேன். நீ வாயைத் திறந்து மூடினாய். மறுபடி திறந்து, "ஆன்ட்டி, இந்த வீட்டுல ஒரு குறையும் இல்லீங்க. அப்பாவக் கூட்டிட்டு வர்றோம். வேற யாருக்கும் குடுத்துடாதீங்க" என்றாய்.

அவர் உன்னை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தார். "என் தம்பி ஒரு ரிசார்ட்டுக்காரன இஸ்துகினு வரான். இடிச்சிட்டு இன்னாவோ கட்டுவாங்களாம். சரி, நீங்க வரேன்றீங்க. சொல்லி வெக்கிறேன்."

வரும் வழியில் உன்னைக் காய்ச்சி எடுத்தேன். "உங்கப்பா கப்பல் வீடு வாங்குவாராடா?"

"எங்கப்பா பேனா வாங்கவே மூணு கடை ஏறி எறங்குவாரு."

"அப்பறம் எதுக்குடா சொன்ன?"

"அந்த வீட்டப் பாத்துக் குறை சொல்ல வாய் வரல மச்சான்."

அதைச் சொல்லும்போதே உனக்கு மூச்சு வாங்கியது. தோப்போரம் சைக்கிளைப் போட்டுவிட்டு மணலில் உட்கார்ந்துவிட்டாய். செருப்பு வார் உன் பாதத்தில் பள்ளம் பறித்திருந்தது. பாதம் அப்படி வீங்கியிருந்தது. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "என்னடா, யானைக்கு அண்ணனா?" நீ சிரித்தாய். நானும் சிரித்தேன். என் வாழ்நாளில் அடித்த ஜோக்குகளில் திரும்ப வாங்கிக்கொள்ள முடியுமா என்று நான் தினமும் யோசிப்பது அந்த ஒன்றைத்தான்.

சிறுநீரகம் என்று கண்டுபிடித்தபோது உனக்குப் பரீட்சை முடிந்திருந்தது. ரிசல்ட் வந்தபோது நீ சென்னையில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தாய். கோயம்புத்தூரில் சிவில் என்ஜினியரிங் சேர்வதாக இருந்தாய். ஒன்று மாதிரி இன்னொன்று இல்லாத வீடாகக் கட்டப்போவதாக நர்ஸிடம்கூடச் சொல்லி வைத்திருந்தாய். நான் கடைசியாக வந்த மதியம், உன் அம்மா சாத்துக்குடி பிழிய வெளியே போனதும், மெதுவாகச் சொன்னாய்: "பிலோமினா ஆன்ட்டிகிட்ட வாஸ்து சொல்லாம வந்துட்டோம்டா. அவங்க காத்துட்டே இருப்பாங்க. நீ போயிச் சொல்லிரு."

"நீயே வந்து சொல்லு. நான் உன் பியூனா?" என்றேன்.

"சரி, சேந்தே போலாம்" என்றாய். அடுத்த செவ்வாய்க்கிழமை ஆனி மழை. அன்றைக்குப் போய்விட்டாய். எனக்கும் நீ வாஸ்து சொல்லவில்லை.

உன் அப்பா மாற்றல் வாங்கிக்கொண்டார். குவார்ட்டர்ஸைக் காலி செய்த அன்று ஆணியில் உன் பை தொங்கிய இடத்தில் ஒரு கறுப்புத் தடம் மட்டும் இருந்தது. அடுத்த வாரம் வெள்ளையடித்தார்கள். அப்புறம் ஒரு புதுக் குடும்பம். நான் ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு நேராக அந்தப் பிளாக்குக்குப் போய், பச்சை கேட்டைத் திறந்து, செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன். "யாரு வேணும்?" என்று ஓர் அக்கா கேட்டார். "சாரிக்கா, எங்க வீடுன்னு நெனச்சேன்" என்றேன். "பரவால்ல, எல்லாம் ஒரே மாதிரிதான இருக்கு" என்று சிரித்தார். முதல் தடவை தப்பு என்று தெரியாமல் நுழைந்தேன். இந்தத் தடவை தெரிந்தேதான் நுழைந்தேன். சேவை வாசனை வருகிறதா என்று பார்த்தேன். சாம்பார்ப் பொடி வாசனைதான் வந்தது.

பிலோமினா ஆன்ட்டி வீட்டுக்கு நான்கு மாதம் போகவில்லை. தீபாவளி கழிந்து ஒரு சனிக்கிழமை, சொல்ல வேண்டியதை முழுக்க மனப்பாடம் செய்துகொண்டு, தோப்புவரை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே சைக்கிள் மிதித்துப் போனேன். வாசலில் இந்தத் தடவையும் தடுக்கினேன். நான் வாயைத் திறப்பதற்குள் அவரே ஆரம்பித்தார்.

"வா, வா. உங்கப்பாக்கு மீச மொளச்சிடுச்சா?"

"எ... எந்த அப்பா?"

"அதான்பா, சிங்கப்பூர் அப்பா. போன்ல பேசுனாரே, துணியப் பொத்திகினு. முப்பது வருசம் காதுல ஹெட்போன் மாட்டிகினு இருந்தவ நான். பன்னெண்டாவது படிக்கிற அப்பாவ எனக்குத் தெரியாதா?"

"அப்ப... அன்னிக்கே தெரியுமா? ஏன் உள்ள விட்டீங்க?"

"வெலை கேக்காம வூட்டப் பாக்க வந்தவங்க நீங்க ரெண்டு பேருதான். கோலி உருட்டிப் பாத்தீங்களே, ஒக்காந்து சிரிச்சிகினு இருந்தேன் அன்னிக்குப் பூரா. அந்தக் கோலி இங்கதான் கீது, அலமாரில."

நானும் சிரித்தேன் மச்சான். மாதக்கணக்கில் சிரிக்காத சிரிப்பு, விக்கல் வருகிற அளவுக்கு. நாம் ஏமாற்றியதாக நினைத்த ஒரே ஆள் நம்மை உட்காரவைத்து டீ கொடுத்து வேடிக்கை பார்த்திருக்கிறார். வாங்க யாரும் வரமாட்டார்கள் என்பது அவருக்கு முதல் நாளே தெரியும். நான் மனப்பாடம் செய்து வந்த பாதிப் பாடம் அதோடு தீர்ந்தது. மீதிப் பாதி இருந்தது.

"எங்க உன் கூட்டாளி? அந்த அப்பாக்காரன்?" என்று கேட்டார்.

அப்புறம் எல்லாவற்றையும் சொன்னேன்.

சரி. இந்த இடத்தில் பேனாவை வைத்துவிட்டு, எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்திருக்கிறேன். மேலே எழுதியதில் சில திருத்தங்கள் செய்ய வேண்டியிருக்கிறது.

ஏழு வீடு பார்த்தேன் என்றேன். ஏழு கேட்டுகளைப் பார்த்தேன். செய்யூரில் ஒரு வீட்டு வாசலில் மட்டும் துணிந்து, "வீடு பாக்க வந்திருக்கோம்" என்றேன். "கோம்னா? நீ ஒருத்தன்தான நிக்கிற" என்று உள்ளிருந்து கேட்டார்கள். அடுத்த வரி என்னுடையது இல்லையே. தண்ணீர் கிடைக்குமா என்று கேட்டு, குடித்துவிட்டு வந்துவிட்டேன். போன் செய்கிற யோசனையும் என்னுடையது இல்லை, உன்னுடையது. திருப்போரூரில் நான் எந்த அடித்தளத்தையும் ஆராயவில்லை. எனக்கு உயரம் என்றால் பயம். உனக்குத் தெரியும் என்று எனக்குத் தெரியும். ஒருநாளும் நீ சொல்லிக்காட்டவில்லை.

ஆன்ட்டியிடம் நான் சொன்னது இதுதான்: "அவன் கோயம்புத்தூர்ல காலேஜ் சேந்துட்டான் ஆன்ட்டி."

"இன்னா படிப்பு?"

"சிவில்."

"அதான பாத்தேன்! சாப்பாடெல்லாம் ஒத்துக்கினானா?"

"ஹாஸ்டல் சாப்பாடு நல்லால்லையாம். இளைச்சிட்டான்" என்றேன். அதோடு விட்டிருக்கலாம். "அங்க இட்லி கல்லு மாதிரி இருக்காம், அத உருட்டித்தான் இப்ப தரை மட்டம் பாக்குறானாம்" என்று வேறு சேர்த்தேன். அவர் சிரித்தார். எனக்கு நிறுத்த மனம் வரவில்லை. உன் ரூம்மேட்டுக்குப் பெயர் வைத்தேன். உனக்கு மீசையும் வைத்தேன்.

அவர் உள்ளே போய் இந்தச் சாவியை எடுத்து வந்தார். "தம்பிகிட்ட சண்ட போட்டு வாங்கி வெச்சேன். அந்தப் புள்ள அன்னிக்கி அண்ணாந்து பாத்துகினே நின்னான் பாரு, மனசு கேக்கல. நீயே வெச்சிரு, என்கிட்ட இருந்தா தம்பி வந்து புடுங்கினு போயிடுவான். பொங்கலுக்கு லீவுல வருவான்ல? ரெண்டு பேரும் ஏறிப் பாத்துடுங்க. அதுவரைக்கும் கையெழுத்துப் போட மாட்டேன்னு தம்பிகிட்ட சொல்லிட்டேன். பேஜார் பண்றான், பண்ணட்டும். அப்பறம் இன்னா பண்ணாலும் பண்ணிக்கட்டும்."

"வருவான் ஆன்ட்டி" என்றேன்.

திரும்பி வரும்போது நான் வெட்கப்பட்டிருக்க வேண்டும். அதுதான் நியாயம். ஆனால் அன்று தோப்பைத் தாண்டும்வரை நான் விசில் அடித்துக்கொண்டு வந்தேன். ஏனென்றால், டவுன்ஷிப்பில் நீ இல்லை. பள்ளிக்கூடத்தில் இல்லை. உன் வீட்டில் சுண்ணாம்பு அடித்து உன்னை அழித்துவிட்டார்கள். இந்த ஒரு வீட்டில் மட்டும் நீ கல் இட்லியைத் திட்டிக்கொண்டு, மீசை முளைத்து, பொங்கலுக்கு டிக்கெட் எடுத்துக்கொண்டிருக்கிறாய். நம் பொய்களில் அவர் நம்பியது அது ஒன்றைத்தான்.

பொங்கலுக்கு மூன்று வாரம்கூட இல்லை. தாம்பரத்துத் தம்பியோடு அவர் தினமும் மல்லுக்கட்டுவது உனக்காக. காக்க வைத்துவிட்டுப் போகக் கூடாது என்று சட்டம் போட்டவன் நீ. உன்னைக் காட்டியே அவரைக் காக்க வைத்திருக்கிறேன் நான். போன ஞாயிறும் சொல்லத்தான் கிளம்பினேன். அதற்கு முந்தைய ஞாயிறும். கேட்டைப் பிடித்தபடி நின்றுவிட்டு, கை முழுக்கத் துருவோடு திரும்பி வந்தேன்.

வாயால் எனக்கு வராது மச்சான். ஆனால் எழுத வந்துவிட்டது, பார். உனக்கு அனுப்ப முகவரி இல்லாத இந்த மடலை நாளைக்கு எடுத்துக்கொண்டு போய், கோலி கிடக்கிற அந்த வீட்டில் கொடுக்கப் போகிறேன். சிங்கம் மாதிரி இல்லை. கேட்டுக்குள் கையை மட்டும் நீட்டித்தான்.

பிலோமினா ஆன்ட்டி, இதுவரை படித்துவிட்டீர்கள் என்றால், நான் கேட்டுக்கு வெளியேதான் நிற்கிறேன். சாவி என் கையில் இருக்கிறது. திட்டுவதாக இருந்தால் திட்டிவிடுங்கள். அப்புறம் கொஞ்சம் வெளியே வந்து, அந்த ஏணியைக் கீழே பிடித்துக்கொள்ள முடியுமா? எனக்குத் தனியாக ஏறப் பயமாக இருக்கிறது.